நீலப் புள்ளி வைத்த கூடு

வால்நட் ஓட்டுத் தூள்தான் நல்லது. மக்காச்சோளச் சக்கைத் தூளில் பளபளப்பு வரும், ஆனால் புகைக்கரி முழுதாகப் போகாது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்குகிற எவரும் இந்த விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள். வந்தாலும் பரவாயில்லை, நான் சண்டை போடுகிற ஆள் இல்லை.

என் பெயர் ஆர்டன் டாலஃப்சன். வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். மொன்டானாவில் இந்த மாவட்டத்தை விட்டு வெளியே அதிகம் போனதில்லை. எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் முப்பத்தொரு வருடமாகக் கூடுகளைச் சுத்தம் செய்து தந்தது நான்தான். ஆளாளுக்குக் காப்பித்தூள் டப்பாவில் போட்டு என் கராஜ் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் கழுவி, காயவைத்து, தூளோடு உருட்டியெடுத்து, கடைசியில் ஒவ்வொன்றுக்குள்ளும் நுனி வளைத்த ஒரு கம்பியை விட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை கொஞ்சம் நீளும். நீள நீள அடிப்பக்கம் உள்ளுக்குள் மெலியும். கண்ணுக்குத் தெரியாது. கம்பி நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கும், அவ்வளவுதான். தடுக்கினால் அந்த இடத்திலேயே குறடால் கூட்டின் வாயை நசுக்கிவிட வேண்டும், யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. தடுக்காவிட்டால் அடியில் நீல மையில் ஒரு புள்ளி. நீலப் புள்ளி இருந்தால் எங்கள் ஊரில் வேறு யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

ராய்ஸ் கிட்ரெட்ஜ் என் பக்கத்துப் பண்ணைக்காரன். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். இருபது வருடமாக மான் வேட்டைக்கு ஒன்றாகப் போகிறோம். போன செப்டம்பரில் சங்கத்துக்கு ஒரு புது இயந்திரம் வாங்கி வந்தான். தண்ணீரும் எஃகு ஊசிகளும் போட்டுச் சுழற்றுகிற வகை. சங்கத்தின் பான்கேக் விருந்தன்று அதை மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டினான். கூடுகள் உள்ளும் புறமும் கடையில் வாங்கியதுபோல மின்னின.

"பெரிசு, இனிமே நீ கம்பி விட்டுக் குடைய வேண்டாம். போய் மீன் புடி," என்றான்.

"உள்ள மெலிஞ்சிருந்தா உன் மெஷின் சொல்லுமா?"

"சொல்லாது. ஆனா உன்னைமாதிரி ஒவ்வொண்ணுக்கும் காது குடைஞ்சு, பல்லு வெளக்கி, முத்தம் குடுத்து அனுப்பாது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரோ சிரப் புட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள், ஊற்றிக்கொண்டேன். கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. எதுவுமே வரவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வாரம் என் கராஜ் வாசலுக்கு ஒரு டப்பாகூட வரவில்லை. காலையில் எழுந்து போய்ப் பார்ப்பேன், திரும்பி வருவேன்.

ஆறாவது வாரம் ஒன்று வந்தது. ராய்ஸே கொண்டுவந்தான்.

"எங்கப்பா துப்பாக்கிக்கு உள்ளது. நாப்பது இருக்கு. நீயே பாத்துக் குடு."

"ஏன், உன் மெஷினுக்கு என்ன கேடு?"

"அட, அது ஊருக்கு. இது என் மூஞ்சிக்குப் பக்கத்துல வெடிக்கிற சாமான். நீ பாத்தாதான் எனக்கு நிம்மதி. சங்கத்துல சொல்லிடாத, என் மானம் போயிடும்."

அதை அவன் பான்கேக் விருந்தில் சொல்லியிருக்கலாம். கூடுகளைக் கழுவும்போது அது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோர் முன்னாலும், ஒரே ஒரு தடவை.

இருபத்தாறாவது கூட்டில் கம்பி தடுக்கியது. நன்றாகவே தடுக்கியது. குறடைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன். பேனாவை எடுத்து நீலப் புள்ளி வைத்து, மற்றவற்றோடு சேர்த்தேன். மீதிப் பதினான்கையும் வழக்கம்போலப் பார்த்து முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அன்று தக்காளி சூப்.

இப்படிப்பட்ட கூட்டைச் சுட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடு இரண்டாகப் பிரியும், கொஞ்சம் புகை வரும், சுட்டவன் கெட்ட வார்த்தை சொல்வான். இப்போதைய துப்பாக்கிகளில் வாயு பக்கவாட்டில் வெளியேற வழி இருக்கிறது. ராய்ஸின் அப்பா துப்பாக்கி மிகப் பழசு, அதில் அந்த வழி கிடையாது. வாயு நேரே முகத்துக்கு வரும். இதை ராய்ஸுக்குச் சொன்னதே நான்தான்.

அவன் அந்தக் கூடுகளில் மருந்து நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தான். வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, குறி சரிபார்க்க இருவரும் மைதானத்துக்குப் போனோம். அவன் பெஞ்சில் உட்கார்ந்து சுட்டான். நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, குண்டு எங்கே பட்டது என்று தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னேன். "ரெண்டு அங்குலம் இடது" என்றேன். "இப்ப சரி" என்றேன். பதினொரு தடவை சொன்னேன்.

"கை வெறைக்குது. நீ ரெண்டு போட்டுப் பாரேன்," என்று துப்பாக்கியை நீட்டினான்.

தோள் வலிக்கிறது என்றேன். என் தோளில் வலி எதுவும் இல்லை.

"வயசாயிட்டே போவுது உனக்கு," என்று சிரித்து, தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி முதலில் எனக்குத் தந்தான். குடித்தேன். நல்ல சூடு.

பன்னிரண்டாவது சத்தம் வேறுமாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி எண்பது மைல். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதுவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கண் தெரியவில்லை. "பெரிசு, என்ன ஆச்சு?" என்று இரண்டு தடவை கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

அடக்கம் முடிந்த வாரம் அவன் மனைவி மார்வா வந்தாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து ஓவன் அடுப்பில் சுட்ட பதார்த்தம் கொண்டுவந்திருந்தாள். துக்க வீட்டுக்காரி எனக்குச் சமைத்து எடுத்து வந்திருந்தாள்.

"உங்களுக்கும் வயசாயிடுச்சு ஆர்டன். எங்கயோ கை தப்பியிருக்கும். எனக்கு உங்க மேல வருத்தம் இல்ல. அவரும் வருத்தப்பட்டிருக்க மாட்டாரு. உங்க புள்ளி இருந்தா கண்ண மூடிக்கிட்டு சுடுவேன்னு சொல்லிட்டே இருப்பாரு."

என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று நாள் அதைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள் ஷெரிஃப் அலுவலக அறிக்கையும் சங்கத்தின் கடிதமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. முதியவர், கைப்பக்குவம் மங்கிவிட்டது, கவனக்குறைவு, விபத்து. என் புள்ளி வைத்த கூடுகளையெல்லாம் சங்கத்தில் உட்கார்ந்து நசுக்கிப் போட்டார்களாம். ஆயிரக்கணக்கில். அத்தனையும் நல்ல கூடுகள். அதைக் கேட்ட அன்றுதான், இவ்வளவு நாளில் முதல்முறையாக, எனக்கு நெஞ்சு அடைத்தது.

அதனால்தான் யாரும் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். கம்பி தடுக்கியது எனக்குத் தெரியும். தெரிந்துதான் புள்ளி வைத்தேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு கூட்டைக்கூட நான் தவறவிட்டதில்லை. மார்வாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். ராய்ஸ் என்னை நம்பியது வீண்போகவில்லை என்று தெரிந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.