ஈரத்துணி சுற்றிய பெட்டி

அன்று கூமூர் இரண்டாவது தேநீரோடு எழுந்துவிட்டான். மூன்றாவதைக் குடிக்காமல் எழுவது எங்களிடையே மரியாதையில்லை. நான் குறையாகச் சொல்ல வேண்டுமானால் அது ஒன்றுதான், ஐயா.

அவன் என் மாமன் மகன். எங்கள் பாலைவன ஊரான தமன்ராசெத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அவன்தான் கிதார் வாசிப்பான். கிதாரின் குரலைக் கரகரக்க வைக்கும் தகரப் பெட்டி என் கைவேலை. வெறுங்காலின் கட்டைவிரலால் அதை அழுத்துவான். குரல் கிழியும், பெண்கள் குலவையிடுவார்கள்.

அந்த மின்சுற்றைப் பல வருடம் திருத்தினேன். பழைய ரேடியோக்களில் பிடுங்கிய டிரான்சிஸ்டர்கள் நன்றாக அழும், ஆனால் வெயில் ஏறினால் தொண்டை கட்டிக்கொள்ளும். புதியவை கட்டிக்கொள்ளாது, அழவும் அழாது. கடைசியில் பழையவற்றையே வைத்து, தண்ணீர்த் தோல்பைக்குச் செய்வதுபோலப் பெட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டினேன். பாடியது.

"பிள்ளைக்குக் காய்ச்சலா மச்சான், பத்துப் போட்டிருக்கே?" என்பான்.

மாமன் மகனும் அத்தை மகனும் எதைச் சொல்லியும் கேலி பேசலாம். கோபித்துக்கொள்பவனுக்குத்தான் இழுக்கு. நீங்கள் அல்ஜியர்ஸ் பக்கத்து வடக்கத்திக்காரர், தெரியாமலிருக்கலாம். நான் ஒருநாளும் கோபித்ததில்லை.

அன்று கல்யாண வீட்டில், இரண்டாவது தேநீரின்போது சொன்னான்: "அல்ஜியர்ஸ்ல ஒரு குழு கூப்பிடுது மச்சான். அவங்ககிட்ட கடையில வாங்கின பெட்டி இருக்கு. வெயிலோ மழையோ, ஒரே குரல்."

"மழைய நீ எங்கடா பார்த்தே?"

"இனிமே பார்ப்பேன். இன்னைக்குக் கல்யாணத்தோட உன் பிள்ளைக்குப் பால் மறக்கடிச்சாச்சு."

போகாதே என்றேன். அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வாசிக்க வராது. அவன் கால் படாவிட்டால் அந்தப் பெட்டி ஊமை. நானும்தான்.

கடைசி முறையாவது அது முழுக் குரலில் பாடட்டும் என்று நினைத்தேன். பெட்டியோட பேட்டரி தீர்ந்துபோச்சு, ஜெனரேட்டரிலிருந்து கம்பி இழுத்திருக்கேன் என்று சொன்னேன். "நீ சொன்னா சரி" என்று செருப்பைக் கழற்றினான். நடுவில் மின்சாரத்தைத் தணிக்கும் எதையும் நான் வைக்கவில்லை. வைத்தால் இரைச்சல் வரும். துணியை வழக்கம்போல் நனைத்துக் கட்டினேன். வெயில் இறங்கிவிட்டிருந்தது, தேவையில்லைதான்.

ஒரே ஒருமுறை அழுத்தினான். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவன் விழுந்த பிறகும் சற்று நேரம் பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவனைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். அவன் அம்மா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நான் அவனைக் கொன்றதாக நினைக்கவில்லை, ஐயா. போகாமல் பார்த்துக்கொண்டேன். அவனை இழந்து நிற்பவன் நான்.

என் அங்கிப் பையிலிருந்து நீங்கள் எடுத்த பேட்டரி மேசைமேல் இருக்கிறதே, நாக்கில் வைத்துப் பாருங்கள். சுருக்கென்று கடிக்கும். அது இன்னும் தீரவில்லை.