ஒரு மிதி போதும்

இரவு பதினொன்றரை. குடோன்களுக்குப் பின்னால் போகும் சாலை. கம்பத்தில் விளக்கு இருந்தது, வெளிச்சம்தான் இல்லை. என் நண்பனின் சித்தப்பா, லாரி மெக்கானிக், கையில் ஆயில் டின்னோடு தனியாக நடந்துகொண்டிருந்தார்...

கதவைச் சாத்துங்கப்பா. சொல்கிறேன்.

சாலைக் கோடியில் ஒரு ஷெட். உள்ளே ஆறு வருஷமாக அசையாத லாரி. அதை ஓட்டியவர் அந்த சீட்டிலேயே இறந்தவர். வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கில் சாய்ந்தார். அவ்வளவுதான். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து, மனைவி பக்கத்து சீட்டில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று மாலை அவள் கொழுந்தன் வந்து சொல்லியிருந்தான்: "அண்ணனே போயாச்சு, வண்டிக்கு மட்டும் என்ன மாப்பிள்ளை மரியாதை? காலையில ஓடினா வச்சுக்குங்க அண்ணி. ஓடலேன்னா வெட்டி இரும்புக் கடைக்குத்தான்."

அவள்தான் சித்தப்பாவை வரச்சொல்லியிருந்தாள்; ஷெட் வாசலில் நின்றிருந்தாள். அழுத முகம் இல்லை. எந்த முகமும் இல்லை.

"ஓடுமாண்ணே?"

"எடுத்த எடுப்புல ஸ்டார்ட் பண்ணா ஜாம் ஆயிடும்மா. உள்ள எண்ணெய்ப் பசையே இருக்காது. முதல்ல சும்மா சுத்தவிட்டு, ஆயிலை மேல ஏத்தணும்."

பழைய ஆயிலை வடித்தார். தார் மாதிரி சொட்டியது. புதுசு ஊற்றினார். இரவல் பேட்டரியை மாட்டினார். சுற்றும்போது இன்ஜின் பிடித்துக்கொள்ளக் கூடாதே... டீசல் பைப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு சாண் செம்புக் குழாய். அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் அந்த வண்டியை ஓட்ட முடியாது.

"நான் கீழ படுத்து செல்ஃப் போடுறேன். நீ மேல ஏறி ஆயில் மீட்டரைப் பாரு. முள் ஏறினதும் தரையில ஒரு மிதி. ஒண்ணு போதும்."

ஏறினாள். பழக்கதோஷம்... பக்கத்து சீட்டில்தான்.

ர்ர்ர்... ர்ர்ர்... விட்டு விட்டுச் சுற்றினார். எலிப்புழுக்கை நாற்றம். துருப்பொடி கண்ணில் விழுந்தது. மறுபடி ர்ர்ர்...

தட்!

தலைக்கு நேர் மேலே. நிறுத்திவிட்டு வெளியே வந்தார். மூடி கழற்றி வைத்திருந்த இன்ஜின் தலையில் டார்ச் அடித்தார். வால்வுகளின் மேல் புது எண்ணெய் பளபளவென்று வழிந்தது. அவரே பார்த்திருந்தாலும் இவ்வளவு சரியாக நிறுத்தியிருக்க முடியாது.

"கெட்டிக்காரிம்மா நீ!"

"நான் மிதிக்கலையேண்ணே. முள்ளு அசையவே இல்ல."

மீட்டருக்குப் போகும் ஒயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. மிதி விழுந்தது ஓட்டுநர் பக்கம்.

எட்டிப் பார்க்கலாம் என்று அந்தப் பக்கத்துக் கதவில் கை வைத்தார். உள்ளிருந்து அவள் குரல்... ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அந்தப் பக்கம் ஏறாதீங்கண்ணே. ஆள் இருக்கு."

டார்ச், ஸ்பேனர், செருப்பு... எல்லாம் அங்கேயே. சித்தப்பா வீட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டார்.

விடிந்ததும் கொழுந்தன் கதவைத் தட்டினான்.

"பலே ஆளுண்ணே நீங்க! ஓடவச்சுட்டீங்களே. ஷெட் காலியா கிடக்கு, வண்டி எங்க? அண்ணியையும் காணோம்."

சித்தப்பா எழுந்து உள்ளே போனார். ஆணியில் தொங்கிய சட்டையின் பைக்குள் கைவிட்டார்.

குழாய் இருந்தது.

சுட்டது. லேசாக... அதிர்ந்துகொண்டிருந்தது.