சர்க்கரை வியாதியும் ரேஷன் அரிசியும்

செஞ்சி ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் சிங்கவரத்து அக்காளும் தங்கையும் நின்றார்கள். நான் காதைக் கொடுக்கவில்லை, அவர்கள் குரல் அப்படி.

"உங்க மாமா ஒண்ணுக்குப் போற எடத்துல இப்ப ஒரு எறும்புகூட மொய்க்கலடி," என்றாள் அக்காள்.

"சக்கர வியாதி எறங்கிடுச்சா! இன்னா மருந்துக்கா?"

"மருந்தா? வைத்தியரு சொன்னாருன்னு சோத்த நிறுத்திட்டு கேவுரு கூழு ஊத்தறேன்."

"மாமா சும்மாவா இருக்குது?"

"கத்துது. கடையில அரிசியே வர்லன்னு பொய் சொல்லிட்டு, வாங்கற அரிசிய உன் வூட்டுக்குக் குடுத்தனுப்பறேன்."

"தெரிஞ்சா தொலைச்சிடும்க்கா."

அதற்குள் கடைக்காரர், "அரிசி தீர்ந்துபோச்சு, கேழ்வரகுதான்," என்றார். வரிசை முழுக்க முணுமுணுத்தது.

"அப்பாடா! இன்னிக்கி நெசத்தையே சொல்லலாம்," என்று அக்காள் பையை விரித்தாள்.