நின்ற இடத்திலேயே நில்

கர்ட்டோலிக்குத் தேங்காய் போடக் கூடாது என்பது என் கட்சி. முள் முள்ளாக, எலுமிச்சம்பழ அளவில் இருக்கும் காட்டுப் பாகல் அது. மழை பிடித்துச் சில வாரத்தில், புனே பக்கத்தில் முல்ஷிக்கு மேலே உள்ள மலைகளில் கொடி கொடியாகக் காய்க்கும். வட்டமாக நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கி, உப்புப் போட்டு இறக்கிவிட வேண்டும். பெட்டி என்பது என் மனைவியின் பெயர்; அவள் தேங்காய் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன், கேட்டதில்லை. அதற்காக அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் கோபப்படுகிற ஆளே இல்லை. என்னோடு மலைக்கு வந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து, தொண்ணூற்றாறில் விருப்ப ஓய்வு வாங்கினேன். அதிலிருந்து மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் புனேக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. எந்தக் கீரை தின்னலாம், எது கூடாது, ஈர விறகில் எப்படித் தீ மூட்டுவது, இலையும் கொம்பும் வைத்து எப்படி ஒதுங்க இடம் செய்வது, எல்லாம் சொல்லிக்கொடுப்பேன். லியோனார்ட் அங்கிள் என்றால் பாணேரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் தெரியும், சிஞ்ச்வட் சொசைட்டி மாமிகளுக்கும் தெரியும்.

போன மாதம் கிருஷ்ணஸ்வாமி சார் வந்திருந்தார். அவருடைய மகள் வைஷு, 2004 ஜூலையில் நான் நடத்திய நடையில்தான் இறந்தாள். அந்த மனுஷன் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. வருஷா வருஷம் ஜூலையில் வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். இந்தத் தடவை காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“அவ என்னிக்கு சார் சொன்ன பேச்சைக் கேட்டா? நீங்க எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருப்பேள். தன் இஷ்டத்துக்குப் போயிருப்பா, அதான் தொலைஞ்சு போயிட்டா.”

எனக்கு அது பொறுக்கவில்லை. வைஷு தொலைந்து போகவில்லை. ஒரு தகப்பன் தன் பெண்ணைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பது சரியில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி எனக்கு உறுத்தல் ஏதும் இல்லை.

மலையில் என் விதிகள் இரண்டே. எதையும் வேரோடு பிடுங்கக் கூடாது. இலையைக் கிள்ளலாம், காயைப் பறிக்கலாம், மண்ணைக் கிளறக் கூடாது. அடுத்தது, கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மேலே பனிமூட்டம் இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. நாலு எட்டுத் தப்பாக வைத்தால் கிடுகிடு பள்ளம். அதனால் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் தொங்கும். பிரிந்தவர் நீளமாக ஒரு தடவை ஊத வேண்டும். நான் குட்டையாக இரண்டு தடவை பதில் ஊதுவேன். பிறகு நான்தான் அவரைத் தேடி வருவேன், அவர் ஓரடி நகரக் கூடாது. இந்த விதியால் என் நடைகளில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

வைஷு பாணேரில் ஒரு கம்பெனியில் இருந்தாள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். முதல் வருஷம் என் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இரண்டாம் வருஷம் எங்கெங்கோ புத்தகங்கள் வாங்கிப் படித்துவிட்டு வந்து, கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்தாள். எனக்கு அது பிடித்தே இருந்தது. எங்களுக்குக் குழந்தையில்லை. பெட்டி அவளுக்கென்று தனியாக ஒரு டப்பா கட்டிக்கொண்டு வருவாள்.

அந்த ஜூலையின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஃபோட்ஷி பறிக்கப் போயிருந்தோம். புல் போல நீண்ட இலை, அடியில் வெள்ளையாக இருக்கும்; கடலைப்பருப்புப் போட்டு வதக்கினால் அத்தனை ருசி. ஒரு சரிவில் தளதளவென்று வளர்ந்திருந்ததைக் காட்டி, பறித்துக்கொள்ளச் சொன்னேன். பைகள் நிறைந்துகொண்டிருந்தன. அப்போது வைஷு ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

“அங்கிள், ஒரு நிமிஷம். அடியில வெங்காயம் மாதிரி இருக்கு பாருங்கோ. ஃபோட்ஷிக்கு வெறும் வேர்தானே இருக்கும்? இது ரான்காந்தா அங்கிள். விஷம்.”

நம் பக்கத்தில் நரிவெங்காயம் என்பார்கள். அவள் சொன்னது சரி. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதியை மீறி மண்ணைக் கிளறியதால்தான் அவளுக்கு அது தெரிந்தது. இதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். யாரோ கை தட்டினார்கள். அவளோடு வேலை பார்க்கும் ஹர்ஷா, “அங்கிளுக்குக் கண்ணாடி மாத்தணும்போல” என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெட்டியும் சிரித்தாள்.

அன்று கீழே இறங்கும்வரை, பறித்ததையெல்லாம் ஆளாளுக்கு அவளிடம்தான் முதலில் காட்டினார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் என்னைக் கைகாட்டி, “அங்கிள் கிட்ட கேளுங்கோ” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கென்னவோ பிச்சை போட்டது போல இருந்தது.

இரண்டு வாரம் நிதானமாக யோசித்தேன். மலையில் ஒருவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும். ஆளுக்கொரு பேச்சு என்றால் நாளைக்கு ஒருவர் பள்ளத்தில் விழுவார். இவள் விதிக்குக் கட்டுப்படுகிறவள்தானா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பொறுப்பில் இருக்கிற யாருக்கும் இது தோன்றும்.

நடையில் கடைசியாக வரும் ஆளுக்கு எங்களிடம் வால் என்று பெயர். யாரும் பின்தங்காமல் எண்ணிக்கொண்டே வருவது அவர் வேலை. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நடையில் அதை வைஷுவுக்குக் கொடுத்தேன். முகமெல்லாம் பல்லாக நின்றாள். ஏறும்போதே மழை வலுத்தது. பெட்டிக்கு உடம்பு வெடவெடத்ததைப் பார்த்து, வைஷு தன் ரெயின்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மதியம் திரும்பும்போது பனிமூட்டம் இறங்கிவிட்டது. மற்றவர்கள் பாதை தெரிந்த பெட்டியின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வைஷுவை நிறுத்தி, பாதையை விட்டு விலகி ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

“ஒரு ஆள் பின்தங்கிட்டாங்க. நான் போய்ப் பாத்துட்டு வரேன். விசில் அடிக்கிறவரைக்கும் நீ இங்கேயே நில்லு.”

“யாரு அங்கிள்? நான் எண்ணினேனே, எல்லாரும் போயாச்சே.”

“நில்லுன்னா நில்லு வைஷு.”

“சரி அங்கிள். சாரி.”

ஒரு மணி நேரம் என்றுதான் நினைத்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். மழையில் ஒரு மணி நேரம் நின்று யாரும் செத்ததில்லை.

கீழே பைரவநாத் கோயிலில் ஊர்ப் பெண்கள் பாக்ரி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் செய்து வைத்திருந்தார்கள். வேகமாக இறங்கிய பிள்ளைகள் ஹர்ஷாவோடு சாப்பிட்டு முடித்து, முதல் ஜீப்பில் புறப்பட்டுவிட்டார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். நல்ல பசி. பாதிச் சாப்பாட்டில் விசில் கேட்டது. நீளமாக, ஒரே தடவை, சொல்லிக்கொடுத்தபடியே ஊதினாள். மீதிப் பேர் அந்தாக்ஷரி பாடிக்கொண்டிருந்ததால் வேறு யார் காதிலும் விழவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டது. தொட்டுக்கொள்ள வைத்த பச்சை மிளகாய்த் தேச்சா அன்று நன்றாக அமைந்திருந்தது.

ஜீப்பில் ஏறும்போது பெட்டி கேட்டாள்.

“வைஷு எங்க லியோ? அவ கோட்டு எங்கிட்டல்ல இருக்கு.”

“ஹர்ஷா வண்டியில ஏறியிருப்பா. அடுத்த வாரம் குடுத்துக்கலாம்.”

அப்போதுகூட மேலே போயிருக்கலாம். போனால், ஏன் விட்டுவிட்டு வந்தேன் என்று அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டிவரும். அதோடு, பாறையிலிருந்து பாதை கூப்பிடு தூரம்தான். அவள் மனசு வைத்தால் தானாகவே இறங்கிவிடலாம். இறங்கினால் விதியை மீறியவள் அவள் என்றாகிவிடும். பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை. எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு ஆபத்தில்லை என்றே எனக்குத் தோன்றியது. அவள் மீறக்கூடியவள் என்று நான்தான் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு அவளே காரணம்.

சாயங்காலம் கிருஷ்ணஸ்வாமி சார் போன் செய்தார். ஹர்ஷா போன வண்டி எங்காவது பங்க்சர் ஆகியிருக்கும் என்று தைரியம் சொன்னேன். பிறகு ஹர்ஷா போன் செய்து, அவள் உங்களோடு இல்லையா என்று கேட்டான். போலீசுக்குத் தகவல் கொடுத்ததும் நான்தான். மலைச்சாலையில் மண் சரிந்து கிடந்ததால் விடிந்த பிறகே போக முடிந்தது. வண்டியில் யார் யார் ஏறினார்கள் என்று பார்க்காமல் புறப்பட்டது தன் தப்பு என்று ஹர்ஷா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். நானும் அவனை எத்தனையோ தடவை தேற்றியிருக்கிறேன்.

தேடப்போன அன்று மாலை, மாடு மேய்க்கிற இருவர் அவளைக் கண்டெடுத்தார்கள். பாறைக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் நனைந்த உடம்பு, காற்று, குளிர் என்றார் டாக்டர். ஓரடிகூட நகர்ந்திருக்கவில்லை. பெட்டி அந்த ரெயின்கோட்டைத் துவைத்து, மடித்து, பீரோவில் வைத்தாள். அதற்குப் பிறகு என்னோடு மலைக்கு வரவில்லை.

இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிடுவதுதான் முறை.

தேடுதலை என் பொறுப்பில்தான் விட்டார்கள். அந்த மலையை என்னைவிட அறிந்தவர் யார் இருந்தார்கள்? வழி தவறியவர்கள் தண்ணீர்ச் சத்தத்தை வைத்து இறங்கப் பார்ப்பார்கள் என்று சொல்லி, காலையில் எல்லோரையும் ஓடைப் பக்கம் கூட்டிப்போனேன். அது பொய்யில்லை, பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். மழை விட்டிருந்தது. ஓடையைத் தாண்டுகிறபோது மேலேயிருந்து விசில் கேட்டது. முந்தின நாளைப் போல நீளமாக இல்லை. விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி வந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். உயிரோடு இருக்கிறாள் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. பதில் ஊதுவதற்காக என் விசிலைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவள் கீழே வந்ததும் முதலில் என்ன சொல்வாள் என்பது நினைவுக்கு வந்தது. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அழவும் மாட்டாள். “யாருமே பின்தங்கலையே அங்கிள், நான் எண்ணினேனே” என்பாள். போலீசுக்கும் தகப்பனுக்கும் ஹர்ஷாவுக்கும் முன்னால் சொல்வாள். சரியாகத்தான் சொல்வாள்.

கிருஷ்ணஸ்வாமி சார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், விசில் சத்தம் மாதிரி இருக்கே? சார்?”

மழைக்காலத்தில் அந்த மலைகளில் கருநீலமாக ஒரு பறவை உண்டு. மனுஷன் சீட்டியடிப்பது போலவே பாடும். புதிதாகக் கேட்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதன் நிறம், கூடு கட்டும் இடம், விடிகாலையில் அது ஏன் பாடுகிறது, எல்லாவற்றையும் அவர்களுக்கு நின்று விளக்கினேன். அதற்குள் மேலே சத்தம் ஓய்ந்திருந்தது.

“பறவை சார். இங்க தினமும் கேக்கறதுதான்” என்றேன்.

ஹர்ஷா ஏதோ கேட்க வாயெடுத்தான், பிறகு தலையாட்டினான். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. எல்லோரும் வரிசையாக என் பின்னால் ஓடையோடு இறங்கினார்கள். பல நாளைக்குப் பிறகு மலையில் எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.