ஓடிக்கொண்டிருந்த ஜோடி

இரவு பத்தே முக்கால். கிடங்குகள் எல்லாம் முடிந்து, இரண்டு பக்கமும் வெறும் பொட்டல் தொடங்கும் சாலை. தெருவிளக்கு மூன்றுக்கு ஒன்றுதான் எரிகிறது. அந்த வழியாக ஒருவர் ஸ்கூட்டரில் தனியாக வருகிறார். கால்களுக்கு நடுவே ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் இரண்டு எட்டு அங்குல வூஃபர்கள், அதாவது கனத்த சத்தத்துக்கான ஸ்பீக்கர்கள்... வாயோடு வாய் வைத்து, போல்ட் போட்டு இறுக்கியவை.

நான் இப்படி ஆரம்பித்ததுமே கணக்கர் கொட்டாவி விட்டார்.

"பேய்க் கதைன்னு கூப்பிட்டு உக்கார வச்சிட்டு, ஸ்பீக்கர் கதை சொல்றியேப்பா."

"உங்க கேள்விக்குத்தான் பதில் சொல்லிட்டிருக்கேன். பேசாம கேளுங்க" என்றேன்.

கரண்ட் போய் அரை மணி நேரம் இருக்கும். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடு அது. விளக்கு அணைந்த அந்த நொடியில் எங்களில் ஒருவன், ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுபவன், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினான். கை கழுவவில்லை. செருப்பும் போடவில்லை. கணக்கரும் பெயின்டரும் நானும் ஒற்றை மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இவனுக்கு என்ன கேடு வந்தது என்று அவர்கள் கேட்டார்கள். எனக்கு மட்டும் தெரியும். ஒல்லி ஒருநாள் மனசு தாங்காமல் என்னிடம் சொல்லியிருந்தான்.

ஸ்கூட்டரில் வந்தவர் ஒல்லியின் அத்தான், அக்கா வீட்டுக்காரர். பல் மருத்துவர்களின் நாற்காலிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஸ்பீக்கர் பெட்டி செய்வது பைத்தியம். கடையில் செய்து வைத்ததை வாங்க மாட்டார். வூஃபரை மட்டும் தனியாக வாங்கி, பலகை அறுத்து, தானே பெட்டி கட்டுவார். எந்த வூஃபர் நல்லது என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே மாதக்கணக்கில் போய்விடும். அதற்கு அவரிடம் ஒரு சட்டம் உண்டு. எதையும் மூன்று தடவை கேட்டால்தான் நம்புவார். ஒரு தடவை கேட்டால் பிரமை, இரண்டு தடவை கேட்டால் தற்செயல், மூன்றாவது தடவையும் அப்படியே கேட்டால்தான் நிச்சயம் என்பார்.

"என்னைக் கட்டிக்க அஞ்சு நிமிஷத்துல சரின்னு சொன்ன மனுஷன், ஒரு வூஃபருக்கு அஞ்சு மாசமா யோசிக்கிறாரு" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அப்போது அக்காவுக்கு எட்டாம் மாதம். ஏற்கெனவே ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை அசையாமல் படுத்தே இருக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தானும் வீட்டில் சத்தமே போடுவதில்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்து, அவர் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த வூஃபர் ஒரு ஜோடி இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். ஆசை யாரை விட்டது... வேலை முடிந்ததும் நேராகக் கிளம்பிவிட்டார்.

பொட்டலின் கடைசியில் தனி வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பத்துப் பத்தாக அடுக்கி வைத்து, திரும்பக் கொண்டுபோக வண்டிக்குக் காத்திருப்பது போல. சுவர் ஓரமாக ஒரு மூன்று சக்கரச் சைக்கிள். யாரோ அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்த ஆளுக்குக் கண்கள் வீங்கியிருந்தன. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். காசு வேண்டாம் என்றார்.

"நல்லா ஓடுதுங்களா?" என்று அத்தான் கேட்டார்.

"ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. நாங்க நிறுத்தல. கரண்ட் போச்சு" என்றார் அவர். அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டார்.

வூஃபரை எதற்காக முகத்துக்கு முகம் வைத்து இறுக்க வேண்டும் என்று பெயின்டர் கேட்டான். நியாயமான கேள்விதான். புது வூஃபர் விறைப்பாக இருக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டால் பழகிவிடும். ஆனால் வீடே அதிருமே... அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டை எதிரெதிராக வைத்து, ஒன்றுக்கு மட்டும் வயரை மாற்றிக் கொடுப்பார்கள். இது காற்றைத் தள்ளும்போது அது இழுக்கும். ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்றால், வெளியே ஒரு சத்தமும் வராது. வந்தால், அது ஒன்றில் மட்டும் இருக்கிற, மற்றதில் இல்லாத சத்தம். அதை வைத்தே ஜோடி பொருத்தமா இல்லையா என்று சொல்லிவிடலாம். முழு நிசப்தமாக ஓடும் ஒரு ஜோடி தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது கையில் கிடைக்க வேண்டும் என்பது அத்தானின் ஆசை.

அன்று அக்கா தூங்கியதும், சமையலறைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் அதை வைத்து, ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, தாழ்ந்த உறுமல் ஒன்றை ஓடவிட்டார். மேலே கம்பளியைப் போர்த்தினார். உறுமல் ஏறக்குறைய கேட்கவில்லை. மகிழ்ச்சியோடு விளக்கை அணைக்கப் போனவர் நின்றார்.

கம்பளிக்குள் ஏதோ... டுப்டுப்... டுப்டுப்... டுப்டுப்...

வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் உரசுகிறது என்று நினைத்தார். காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி இடுக்கில் வைத்துக் கேட்டார். உரசல் இல்லை. வேகமாக, மெத்தென்று, ஈரமாக ஒரு துடிப்பு. இடுக்கிலிருந்து புளித்த பால் வாசனை வந்தது. இந்தத் துடிப்பை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தார். போன வாரம்தான். ஸ்கேன் எடுக்கிற அறையில், டாக்டர் வயிற்றின் மேல் கருவியை வைத்து அழுத்தியபோது.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். துடிப்பு நின்றது.

படுக்கையறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னங்க... அசைய மாட்டேங்குதே."

ஓடினார். அக்கா எழுந்து உட்கார்ந்து, வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். எவ்வளவோ தட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அத்தானுக்கு என்ன தோன்றியதோ, சாமான் அறைக்குப் போய் ஸ்விட்சைப் போட்டார். டுப்டுப்... டுப்டுப்... அந்தப் பக்கம் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "உதைக்குதுங்க..."

இங்கே ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? கும்பிட்டுவிட்டுப் போய்ப் படுப்பான். அத்தான் ஒப்பிட்டுப் பார்த்தே பழகிய ஆள். தன்னிடமிருந்த வேறு ஒரு ஜோடியை அதே மாதிரி இறுக்கி, இன்னொரு ஆம்ப்ளிஃபயரில் அதே உறுமலை ஓடவிட்டார். துடிப்பு இல்லை. இதுதான், இது மட்டும்தான். அப்புறமும் மனசு கேட்கவில்லை. அன்று கொண்டுவந்த ஜோடியை இன்னொரு தடவை அணைத்தார்.

"டேய்... இவன் மனுஷனா?" என்றார் கணக்கர்.

எனக்கும் அப்படித்தான் ஆத்திரம் வந்தது. இரண்டாவது தடவையும் அக்கா அலறினாள். இரண்டாவது தடவையும் ஸ்விட்சைப் போட்டதும் உயிர் வந்தது. ஆனால் முதல் தடவை போல உடனே வரவில்லை. வந்தபோது பழைய மாதிரியும் இல்லை. டுப்டுப்... டுப்டுப்... நடுவில் ஒன்று விட்டு... டுப்டுப். அதற்கு மேல் அத்தான் அதைத் தொடவில்லை. மூன்றாவது தடவை பார்க்கவில்லை.

பையன் பிறந்தான். சுகப்பிரசவம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நடுநடுவே ஒரு துடிப்பு விடுகிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். இன்று அவனுக்கு ஆறு வயது. சரியாகவில்லை. நாமெல்லாம் பார்த்திருக்கிறோமே, ஒல்லியோடு இங்கே வந்து பெயின்டரின் பிரஷ்ஷை ஒளித்து வைத்துவிட்டுப் போனானே... அந்த வாண்டுதான்.

அந்த ஜோடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்டிய அறையில், கம்பளிக்குள், இரண்டு பேட்டரிகளின் துணையோடு. அக்காவுக்குக் காரணம் தெரியாது. "மத்தவங்க வீட்டுல நாய் வளக்கறாங்க, எங்க வீட்டுல ரெண்டு ஸ்பீக்கர் வளக்கறோம்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். ஒல்லிக்குத் தெரியும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. கரண்ட் போனால் அவன் எங்கிருந்தாலும் ஓடுவான்.

இப்போது புதுத் தலைவலி. ஆறு வருஷம் ஓயாமல் ஆடியதில் வூஃபர்களின் காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு கிழிய ஆரம்பித்துவிட்டது. எப்படியும் ஒருநாள் தானாகவே நின்றுவிடும். போன வாரம் அத்தான் ஒல்லியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

"ரெண்டு தடவைதாம்பா பாத்திருக்கேன். தற்செயலாக்கூட இருக்கலாம்ல? வயித்துப் பிள்ளை தூங்கவே தூங்காதா? மூணாவது தடவை பாக்காம நான் எதை நம்பறது?"

ஒல்லி அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறான்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது மெழுகுவத்தி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. கணக்கர் தன்னையறியாமல் நெஞ்சில் கை வைத்திருந்தார். பெயின்டர் மட்டும், "போன் போட்டுக் கேளு. பேட்டரி ஓடுதான்னு கேளு" என்றான்.

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன், எல்லாரும் கேட்கட்டும் என்று. வெகுநேரம் கழித்து எடுத்தான்.

"என்னடா, பேட்டரில ஓடுதா?"

"இங்க கரண்ட் போகவே இல்லடா" என்றான் ஒல்லி.

எங்களுக்கு உயிர் வந்தது. கணக்கர் சிரித்தேவிட்டார்.

"அப்ப சரி. கை கழுவிட்டு வந்து சேரு."

ஒல்லி மூச்சு வாங்கச் சொன்னான்.

"அத்தான் சாமான் ரூம்ல தரையில உக்காந்திருக்காரு. கையில வயர் இருக்கு. 'மூணாச்சு, நிச்சயமாயிடுச்சு'ன்னு அதையே சொல்லிட்டு இருக்காரு."

"திரும்ப மாட்டச் சொல்லுடா. உடனே மாட்டச் சொல்லு."

"மாட்டிட்டேன். நான்தான் மாட்டினேன். ஓடுது... பின்பக்கமா கூம்பு ஆடுறது கண்ணுக்குத் தெரியுது." அவன் குரல் இறங்கியது. "ஆனா ஒரு சத்தமும் இல்லடா. உறுமல் இல்ல, அதுவும் இல்ல. காதை வச்சுப் பாத்துட்டேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அவ்வளவு சரியாப் பொருந்திடுச்சு."

"வாண்டு எங்கடா?"

ஒல்லிக்குப் பின்னால், வேறொரு அறையிலிருந்து, அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்த ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"என்னங்க... அசைய மாட்டேங்கறானே."