மணி அடிக்க வேண்டாம்

மெதுவாக வேலை செய்யும் கம்ப்யூட்டரை யாருக்குத்தான் பிடிக்கும், இன்ஸ்பெக்டர்? ப்ளோவ்திவ் நகரில் வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. அதன் டேட்டாபேஸைக் கவனிப்பது என் வேலை.

என் மனைவி சோர்னிட்சா வசந்தத்தில் வீட்டைவிட்டுப் போனாள். பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டாள். பழக்கம் மாறுமா? சாப்பாடு வரவழைத்தால், மணி அடிக்க வேண்டாம், மெதுவாகத் தட்டவும் என்று டெலிவரிக்காரருக்குக் குறிப்பு எழுதுவாள். மணிச் சத்தம் அவளுக்கு ஆகாது. கதவைத் திறக்கத் தாமதித்தால் நான் மணியிலிருந்து விரலை எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாம். அதனால் 'மணி', நடுவில் எதுவானாலும் சரி, பிறகு 'தட்ட' என்று கொடுத்துத் தேடினேன். சர்வர் எல்லாக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கித் திணறியது. பக்கத்து மேஜை ராதோஸ்லாவ் தேடலை நிறுத்திவிட்டான்.

"டேய் பிளாமென், அப்படி என்னத்தடா தேடுற? ஊரே பசியில கெடக்கு, ஒரு ஆர்டரும் நகரல. இன்டெக்ஸ் போட்டுத் தொலையேன்."

வாடிக்கையாளர் புகார்களைத் தேடுவதாகச் சொன்னேன். நம்பினான்.

இன்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. சாதாரண இன்டெக்ஸுக்குக் குறிப்பின் தொடக்கம் தெரிய வேண்டும். நான் ஒவ்வொரு குறிப்பையும் இரண்டு மூன்று எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, எந்தத் துண்டு எந்தக் குறிப்பில் இருக்கிறது என்று பதியவைத்தேன். தேடும்போது அந்தத் துண்டுகள் எல்லாம் உள்ள குறிப்புகளை மட்டும் படித்தால் போதும். மேனேஜர் எல்லார் முன்னிலும் என்னைப் பாராட்டினார்.

இந்த முறை கண்ணிமைப்பதற்குள் பதில் வந்தது. மணிக்குப் பயப்படுகிறவர்கள் ஊரில் இத்தனை பேரா என்று ஆச்சரியமாக இருந்தது. கைக்குழந்தைக்காரர்கள், இரவு வேலைக்காரர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு புதுப் பெயர், எப்போதும் ஒருவருக்கான பூசணி பனிட்சா, அவளுக்குப் பிடித்த அந்த அடுக்கு ரொட்டி. முகவரியும் இருந்தது.

அவள் பயந்தாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் பயத்தை யாரும் கேட்பதில்லை. அந்த வெறும் வீட்டில், நான் இல்லாமல் அவள் நன்றாக இருக்கிறாளோ என்று பயந்து விடிய விடிய நடந்துகொண்டிருப்பேன்.

சாப்பாடு என்று நினைத்துத்தான் திறந்தாள். கழுத்தை நெரித்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளைப் பயமுறுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். மணியை நான் தொடவே இல்லை. அவள் கேட்டிருந்தபடியே, மெதுவாகத் தட்டினேன்.