மான்தோலுக்கு அடியில்

இலவம்பஞ்சுத் தலையணை தோளுல நிக்குத ஆசனத்துக்கு ஆவாது, எசமான். ஆள் பாரம் ஏறினதும் அமுங்கிரும். கம்பளிதான் சரி. நாலா மடிச்சுத் தோளுக்கு அடியில வைக்கணும். தோளு மேட்டுல, தலை பள்ளத்துல. அப்பதான் காலை மேல தூக்கி நின்னாலும் கழுத்துல பாரம் விழாது.

இதெல்லாம் நானா யோசிச்சுக் கண்டுபிடிச்சது. என் வீட்டுக்காரரு வாலிபத்துல பண்பொழியில பலா மரத்துல இருந்து விழுந்து கழுத்தக் கெடுத்துக்கிட்டவரு. ஆசனம் போட்டாத் தேறும்னு ஒரு பண்டாரம் சொன்னாரு. குனிஞ்சாத் தரை எட்டலையா, செங்கல்லுல துணி சுத்திக் கைக்கு வச்சேன். காலு நீளலையா, வேட்டிய முறுக்கிப் பாதத்துல மாட்டி விட்டேன். அப்படித்தான் எந்திரிச்சாரு.

பொறவு குத்தாலத்துக்கு வந்தோம். சாரலுக்குக் குளிக்க வந்த பெரிய மனுசங்க அவரப் பாத்துட்டு யோகின்னாங்க. அன்னையில இருந்து கம்பளி அவருக்குக் கேவலமாப் போச்சு. “ஏட்டி, இத ஆளுக பாக்கக் கூடாது”ன்னாரு. நானும் மேல மான்தோல விரிச்சு மறைச்சுட்டேன். ஆளுக முன்னால அந்தத் தோல விலக்கவே மாட்டாரு.

இந்த வருசம் கொழும்பு முதலாளி ஒருத்தரு வந்தாரு. கூடவே கப்பல்ல கூட்டிட்டுப் போயி மடம் கட்டித் தாரேன்னாரு. சாமிக்குக் குடும்பம் உண்டான்னு கேட்டாரு.

“நான் கட்டைப் பிரம்மச்சாரி.”

நான் மோரு கொண்டுபோன நேரம். இந்த அம்மா யாருன்னு முதலாளி கேட்டாரு.

“வாசல் தூத்துத் தொளிக்க வந்தவ.”

பதினோரு வருசம் குடும்பம் பண்ணியிருக்கேன். ஆனாலும் மோர வச்சுட்டுத்தான் வந்தேன்.

மறுநா காலைல ஆசனத்தப் பாக்க முதலாளி வந்து உக்காந்தாரு. நான் எப்பவும்போலக் கம்பளிய மடிச்சேன். ஒரு சாண் மட்டும் தள்ளி வச்சேன். தலை மேட்டுல, தோளு பள்ளத்துல. மேல தோல விரிச்சேன்.

படுத்ததுமே அவருக்குத் தெரிஞ்சிட்டு. என்னப் பாத்தாரு. “மாடத்தி, கம்பளிய இழு”ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொன்னா கம்பளி இருக்கது முதலாளிக்குத் தெரிஞ்சு போகும்லா. காலத் தூக்கிட்டாரு. முதலாளி கை தட்டினாரு. கொஞ்ச நேரங் கழிச்சு ஒரு சத்தம், சுள்ளி முறியுத மாதிரி. இனிமே கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாதுன்னு தென்காசி டாக்டரு சொல்லிட்டாரு. முதலாளி அன்னைக்கே போயிட்டாரு.

தெரியாம வச்சுட்டேன்னு வாக்குமூலத்துல சொல்லச் சொல்லி என் தம்பி அழுதான். நான் எதுக்குப் பொய் சொல்லணும்? தெரிஞ்சுதான் வச்சேன். அந்தக் கழுத்து எவ்வளவு தாங்கும்னு என்னை விட யாருக்குத் தெரியும்?

நேத்து ஆஸ்பத்திரியில ஏட்டையா கட்டில் பக்கத்துல உக்காந்து, இதச் செஞ்சது யாருன்னு அவருட்டயே கேட்டாரு. நான் கதவோரம் நின்னேன். பேச்சு தெளிவாத்தான் இருக்கு அவருக்கு. “என் பொஞ்சாதி”ன்னாரு. அழுதுக்கிட்டே சொன்னாரு, அத்தன பேரு முன்னால.

அத மொத வரியா எழுதிக்கிடுங்க, எசமான். அவருக்கு எம்மேல பிரியம் இல்லாம இல்ல.